ஏரிக்கரையில் மொழியியலாளருக்கு என்ன வேலை?

மொழியியல் படித்தவரிடம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை பாஷை தெரியும்?’ அடுத்தது, ‘இதுக்கு என்ன வேலை தருவாங்க?’ முதல் கேள்வி மொழியியல் என்னவென்று தெரியாமல் கேட்பது. இரண்டாவது மிகச் சரியான கேள்வி. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்தில் வேரூன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை 1960களில் உயராய்வு மையமானது. கோவை பாரதியார் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று வேறு சில இடங்களிலும் பாடம் நடக்கிறது. ஆனால் படித்து வெளியே வருபவரை எடுத்துக்கொள்ள மாநிலத்தின் கலைக் கல்லூரிகளில் மொழியியல் துறை கிடையாது என்றே சொல்லிவிடலாம். தமிழ் எம்.ஏ.வும் கையில் இருந்தால் தமிழ்த் துறைக்குள் போகலாம், ஆங்கில எம்.ஏ. இருந்தால் ஆங்கிலத் துறைக்குள் போகலாம். மொழியியல் பட்டமும் நெட் தேர்ச்சியும் மட்டும் வைத்திருப்பவர், பல்கலைக்கழகங்களில் எப்போதாவது காலியாகும் ஓரிரு இடங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தே நாற்பது வயதைத் தொட்டவர்கள் உண்டு.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால், மொழிபெயர்ப்பு, அகராதி, கணினி, விளம்பரம் என்று பொதுவான பட்டியல்தான் பதிலாக வரும். ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, இங்கே மொழியியலாளர் செய்யக்கூடிய வேலை என்ன, அதை இப்போது யார் செய்கிறார்கள், யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் கொஞ்சம் கறாராக வரும். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காடு இந்தக் கேள்விக்குத் தோதான ஊர். ஊரை ஒட்டிய அதே பெயருள்ள ஏரி, சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தண்ணீரின் பெரும்பகுதி ஆந்திரத்தில், முகத்துவாரமும் பல மீனவக் குப்பங்களும் தமிழ்நாட்டில். கரையில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகின்றன. ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் தீவில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள். ஊருக்குள் எலும்புக்கூடு செதுக்கிய வாசல் தூண்களோடு டச்சுக் கல்லறைத் தோட்டம். தமிழை அரபு எழுத்தில் எழுதிய மரபை நினைவில் வைத்திருக்கும் முஸ்லிம் தெருக்கள். மொழி தொடர்பான வேலைக்கு இங்கே பஞ்சமே இல்லை. அந்த வேலைக்கு ‘மொழியியலாளர்’ என்ற பெயரில் ஒரு பணியிடம்தான் இல்லை.

இந்த முரண் புதிதல்ல. இந்தியாவில் மொழி ஆராய்ச்சியின் பெரிய காரியங்கள் பலவற்றை வேறு தொழிலில் பிழைத்தவர்களே செய்தார்கள். அதற்கு ஆரம்பகால உதாரணம் ஒன்று பழவேற்காட்டிலேயே இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையை நிறுவினார்கள். அந்தக் குடியேற்றத்துக்குப் பாதிரியாராக வந்த ஆபிரகாம் ரோஜெரியுஸ் 1632 முதல் 1642 வரை இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரோடு அவர் நீண்ட நாள் உரையாடினார். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி போர்த்துகீசியம். அப்படித் திரட்டிய செய்திகள் ரோஜெரியுஸ் இறந்த பிறகு 1651-இல் லெய்டனில் புத்தகமாயின. பர்த்ருஹரியின் செய்யுள்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்த நூலில்தான். சமஸ்கிருதம் ஒரு முனையில், டச்சு மறுமுனையில், நடுவே இருவருக்கும் தாய்மொழியல்லாத போர்த்துகீசியம். களப்பணி என்று இன்று நாம் சொல்லித்தருவதன் எல்லாச் சிக்கல்களும் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தன. ரோஜெரியுஸுக்குச் சம்பளம் வழிபாட்டுக்கும் பிரசங்கத்துக்கும். பத்மநாபனின் பெயராவது மிஞ்சியது. அந்தக் காலத்தில் தகவல் சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பிறகு வந்த வரிசையும் அப்படித்தான். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் எழுதிய எல்லிஸ் சென்னைக் கலெக்டர். 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் மிஷனரி. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை முடித்துக்கொடுத்த வையாபுரிப்பிள்ளை, 1926-இல் அந்தப் பொறுப்புக்கு வரும்வரை வழக்கறிஞர். சிந்துவெளிக் குறியீடுகளுக்கு 1977-இல் தொகுப்பு கொடுத்த ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ தந்த கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளி. கரிசல் வட்டார வழக்கு அகராதி தந்த கி. ராஜநாராயணன் விவசாயி. வேறு தொழிலில் இருந்து மொழிக்கு வந்தவர்களின் கதை நம்மிடம் நிறைய. மொழியியல் படித்துவிட்டு வேறு தொழிலுக்குள் அதைக் கொண்டுபோனவர்களின் கதை குறைவு. இன்று மாணவருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது கதை.

முதலில் அரசாங்கத்தைப் பார்ப்போம். மொழியியல் பட்டத்தை அதே பெயரில் கேட்கும் வேலைகள் இன்னும் ஒன்றிய அரசில்தான் இருக்கின்றன. 1969-இல் மைசூரில் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், இந்திய மானிடவியல் ஆய்வகம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கொல்கத்தா மொழிப் பிரிவு ஆகிய மூன்றும் முக்கியமானவை. மூன்றாவதைப் பற்றி மாணவர்களுக்கு அதிகம் தெரிவதில்லை. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து தாய்மொழி என்னவென்று கேட்கும்போது, மக்கள் சாதிப் பெயர், ஊர்ப் பெயர், பேச்சு வழக்கின் பெயர் என்று எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பில் அப்படிக் குவிந்த பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாகவும், அவற்றை மீண்டும் தொகுத்து 121 மொழிகளாகவும் ஆக்கினார்கள். இந்தச் சலிப்பு மொழியியலாளரின் மேசையில் நடக்கும் வேலை. நீலகிரிப் பக்கம் பேசும் இருள மொழி அந்த அட்டவணையில் ‘தமிழ்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. மொழியியலாளர் கமில் சுவலபில் போன்றோர் அதைத் தனி மொழியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தப் பெயரை எந்தத் தலைப்பில் வைப்பது என்ற முடிவு பள்ளிப் பாடநூலுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் வழி விடும், அல்லது வழியை அடைக்கும்.

மொழிக் கணக்கு நிலத்தையே பிரிக்கும் என்பது ஏரிக்கரைக்கு நன்றாகத் தெரியும். எல்லைத் தகராறில் பட்டாஸ்கர் தந்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திர, சென்னை மாநில எல்லை மாற்றி வரையப்பட்டது. கிராமத்தை அலகாக எடுத்து, பெரும்பான்மையோர் என்ன மொழி பேசுகிறார்கள் என்று பார்த்துப் பிரித்தார்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து திருத்தணி இங்கே வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் சில கிராமங்கள் அங்கே போயின. தண்ணீருக்கு நடுவே அப்படிக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் இரக்கம் தீவில் தமிழ் பேசுகிறார்கள். எந்த மாநிலத்துப் படகு எதுவரை வலை போடலாம் என்ற தகராறு இன்றும் கிளம்புகிறது. அப்போது இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுபவர் இரண்டு மொழியும் தெரிந்த ஊர்ப் பெரியவர்தான். அவருக்குப் பட்டமும் இல்லை, படியும் இல்லை.

ஒன்றிய அரசு வேலைகளில் உள்ள சங்கடம் எண்ணிக்கை. நிரந்தர இடங்கள் சொற்பம். மற்றவை திட்டக்காலப் பணிகள். 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை ஆவணப்படுத்த 2013-இல் மைசூர் நிறுவனத்தில் தொடங்கிய திட்டம் பல இளைஞர்களுக்குக் களப்பணி கற்றுக்கொடுத்தது. திட்டத்தின் நிதி வற்றும்போது அவர்கள் அடுத்த திட்டத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். மாநில அளவில் 1974-இல் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தனி இயக்ககமாக இருக்கிறது. அங்கேயும் தமிழ்ப் படிப்புக்கே முதலிடம்.

அகராதித் தொழிலைப் பற்றி ஒரு பத்தி போதும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஒரு பதிப்பகத்தின் பிடிவாதத்தால் நல்ல அகராதி வரலாம் என்று ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ காட்டியது. முதல் பதிப்பு 1992, திருத்திய பதிப்புகள் 2008-இலும் 2020-இலும் வந்தன. பதிப்பாளர் எஸ். ராமகிருஷ்ணன் மூன்றாம் பதிப்பு வெளியான சில நாட்களில் கொரோனாவில் மறைந்தார். மொழியியலாளர் இ. அண்ணாமலையும் அகராதியியலாளர் பா.ரா. சுப்பிரமணியனும் அந்தப் பணியின் தூண்கள். சுப்பிரமணியன் ‘மொழி’ அறக்கட்டளை மூலம் மரபுத்தொடர் அகராதியும் கொண்டுவந்தார். இதெல்லாம் பெருமைக்குரிய வரலாறு. ஆனாலும் இதை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியாது.

இன்று மொழியியல் மாணவர்கள் அதிகம் போவது கணினிப் பக்கம்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. மையம் நெடுங்காலமாகத் தமிழ்க் கணினி மொழியியலில் இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வுக்கூடங்களும் ‘ஏ.ஐ. ஃபார் பாரத்’ குழுவும் இருக்கின்றன. ஒன்றிய அரசின் ‘பாஷிணி’ மொழித் தொழில்நுட்பத் திட்டம் 2022-இல் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கூகுளோடு சேர்ந்து தொடங்கிய ‘வாணி’ திட்டம் நாட்டின் 773 மாவட்டங்களிலிருந்தும் பேச்சைத் திரட்ட முனைந்தது. ‘வாணி’யில் வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பேசுபவரின் கையில் இருக்கும் போனில் ஒரு படம் காட்டுவார்கள். சந்தை, பேருந்து நிலையம், திருவிழா என்று ஏதாவது இருக்கும். பார்ப்பதை அவர் தம் பேச்சில் சொல்ல வேண்டும். எழுதியதைப் படிக்கச் சொன்னால் எல்லோரும் செய்தி வாசிப்பவராக மாறிவிடுவார்கள். படத்தைக் காட்டினால் வாய் தானாக ஊர்ப் பேச்சுக்குத் திரும்பும்.

பழவேற்காட்டில் ஒரு மீன்கார அம்மாவிடம் இப்படி ஒரு சந்தைப் படத்தைக் காட்டுகிறார்கள் என்று வையுங்கள். பேச்சு பதிவாகிவிடும். பிறகுதான் பிரச்சினை. அவர் ‘வந்துச்சு’ என்றாரா, ‘வந்திச்சி’ என்றாரா? காதில் விழுந்தபடி எழுதுவதா, ‘வந்தது’ என்று திருத்துவதா? ‘வலிக்குது’ என்பதில் கடைசி உயிர் பாதி விழுங்கப்பட்டால் அதைக் காட்டுவதா? வாக்கியத்துக்கு நடுவில் தெலுங்கு வார்த்தை வந்தால் அது தெலுங்கா, இவருடைய தமிழில் ஏற்கெனவே குடிவந்துவிட்ட சொல்லா? ஒரு நூறு பேர் எழுத்துப்பெயர்ப்பு செய்யும்போது நூறு விதமாக எழுதினால் எந்திரம் எதைக் கற்கும்? இவற்றுக்கெல்லாம் விதி எழுதுவது, விதி எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது, எழுதியவர்களைச் சரிபார்ப்பது ஆகியவற்றை மொழியியல் படித்தவர் செய்தால்தான் தரவு தேறும். நிறுவனங்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ‘மொழி வல்லுநர்’, ‘தரவு மொழியியலாளர்’ என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன.

இருந்தாலும் இதில் இரண்டு தட்டுகள் உண்டு. விதி எழுதுபவருக்கு மாதச் சம்பளம். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவருக்கு ஒலியின் நேரத்தைக் கணக்கிட்டுக் கூலி. ஒரு மணி நேர ஊர்ப் பேச்சை ஒழுங்காக எழுத்தில் கொண்டுவர அதைப்போல் பல மடங்கு நேரம் பிடிக்கும். பட்டம் முடித்தவர்களில் பலர் இரண்டாவது தட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் தட்டுக்கு ஏறக் கொஞ்சம் நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டும். பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து, பிழையான வரிகளைப் பொறுக்கி, எண்ணிக் காட்டத் தெரிந்தாலே போதும், நிலைமை மாறிவிடும். நம் பாடத்திட்டங்கள் இதை விருப்பப் பாடமாக வைத்திருப்பதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கணினிக்கு இவ்வளவு சொல்லியாகிவிட்டது. என் பார்வையில் கடற்கரையில் மொழியியலாளருக்குக் கிடக்கும் பெரிய வேலை கடல் எச்சரிக்கை. அதை யாரும் ‘மொழி வேலை’ என்று எண்ணுவதே இல்லை.

புயல் எச்சரிக்கைக் கூண்டையே எடுத்துக்கொள்ளலாம். எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ கூண்டு ஏற்றினால் அந்த எண் தொலைக்காட்சியில் ஓடும். குப்பத்திலும் அதுதான் பேச்சு. ‘அஞ்சு ஏத்தியிருந்தாங்க, இப்ப ஏழு ஏத்திட்டாங்க’ என்றால் புயல் வலுத்துவிட்டது என்றே யாரும் புரிந்துகொள்வார்கள். இந்தியத் துறைமுகக் குறியீடுகள் 1 முதல் 11 வரை உண்டு. அவற்றில் 5, 6, 7 மூன்றும் அபாயத்தின் ஒரே படி. 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும், 6 என்றால் வலப்பக்கம் விட்டு, 7 என்றால் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும் என்று பொருள். 8, 9, 10 மூன்றும் அதேபோல அடுத்த படியில் ஒரு தொகுதி. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எண்ணின் வரிசை காற்றின் வேகத்தைச் சொல்கிறது என்று நாம் நினைக்கிறோம். அதே படிக்குள் அது சொல்வது திசையை. கப்பல் மாலுமிக்காகச் செய்த குறியீட்டைப் பொதுமக்கள் வேறு இலக்கணத்தில் படிக்கிறார்கள்.

மொழி சிந்தனையை வழிநடத்துகிறது என்ற மொழியியலின் பேர்பெற்ற கருத்துக்கு இந்த மாதிரிப் பிசகுதான் உதாரணமானது. பெஞ்சமின் லீ வோர்ஃப் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் 1919 முதல் வேலை பார்த்தவர். தீ விபத்துகள் ஏன் நடக்கின்றன என்று ஆராய்வது அவர் தொழில். ‘காலி’ என்று சொல்லப்பட்ட பெட்ரோல் பீப்பாய்களின் பக்கத்தில் தொழிலாளர்கள் தைரியமாகப் புகை பிடித்தார்கள். பீப்பாயில் திரவம்தான் இல்லை. வெடிக்கக்கூடிய ஆவி நிறைந்திருந்தது. சொல் ஆளை ஏமாற்றும் இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு காப்பீட்டு நிறுவனம். நம் ஊரில் மீனவர்களுக்கும் படகுகளுக்கும் காப்பீடு செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன, வானிலை மையம் இருக்கிறது, மீன்வளத் துறை இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கும் பணியிடம் எதிலும் இல்லை.

வானிலை அறிக்கையின் வாக்கியத்திலும் இதே சிக்கல். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று படிப்படியாகப் போகும். தாழ்வு மண்டலம் என்றால் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால் 50 முதல் 61, அதற்கு மேல் புயல். பட்டியலாகப் பார்த்தால் நேர்த்தி. ஆனால் இந்தப் பெயர்கள் எதிலும் காற்றின் வேகம் இல்லை. புயலுக்கு முந்தைய மூன்றும் ‘தாழ்வு’ பற்றியே பேசுகின்றன. சிறிய ஃபைபர் படகை 50 கிலோமீட்டர் காற்று கவிழ்த்துவிடும், அதற்குப் புயல் வர வேண்டியதில்லை. ‘தென்மேற்கு வங்கக்கடலும் அதையொட்டிய மத்திய மேற்கு வங்கக்கடலும்’ என்று அறிக்கை சொல்லும்போது, முகத்துவாரத்துக்கு வெளியே வலை விட்டிருப்பவர் தன் கடல் எதில் சேர்த்தி என்று எப்படிக் கணக்குப் போடுவார்? அவரிடம் வேறு கணக்கு இருக்கிறது. வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் உண்டு. தெற்கிலிருந்து ஓடும் நீரோட்டம் தெந்தி, வடக்கிலிருந்து ஓடுவது வன்னி. சென்னை ஊரூர் குப்பத்து மீனவர் பாளையமும் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் இந்த அறிவை நாள்வாரியாகக் குறித்துவைத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு காற்றின் பெயருக்குள் திசை, பருவம், அன்று கிடைக்கக்கூடிய மீன், போகலாமா வேண்டாமா எல்லாம் அடங்கியிருக்கும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை வலுப்பெறும் முன்பே கன்னியாகுமரி, கேரளப் படகுகள் பல நாள் மீன்பிடிக்கு வெளியே போயிருந்தன. நேரமும் தொலைத்தொடர்பும் அங்கே முதல் பிரச்சினைகள். மொழியை மட்டும் குற்றம் சொன்னால் அது மிகை. ஆனால் மொழியைச் சரியாகக் கையாண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் கரையிலேயே சான்று உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் அமைத்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, வீராம்பட்டினம் கடற்கரையில் ஒலிபெருக்கி வழியாகத் தமிழில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பை நம்பி, நல்லவாடு மக்கள் அதே மாதிரியான ஒலிபெருக்கியில் ஊரை எச்சரித்து வெளியேறித் தப்பினார்கள். கேட்டுப் பழகிய குரல், கேட்டுப் பழகிய வாக்கியம், கேட்டுப் பழகிய இடம் மூன்றும் சேர்ந்தால் எச்சரிக்கை வேலை செய்யும்.

இப்போது ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கும் பகுதிகளையும் கடலின் நிலையையும் மாநில மொழிகளில் தருகிறது. சுவாமிநாதன் நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி தமிழிலும் தெலுங்கிலும் ஓடுகிறது. பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலியை மீனவ சமூகத்து இளைஞர்களே நடத்துகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பும் பழவேற்காட்டுக்கு வருகிறது. இவை ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாக எழுதி, நாலு குப்பங்களில் படித்துக் காட்டி, கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்று திருப்பிச் சொல்ல வைத்து, எது தேறியது என்று பார்க்கலாம். முதுகலை மாணவருக்கே தெரிந்த முறை அது. செலவு ஒரு ஃபைபர் படகின் விலைகூட ஆகாது.

மற்றத் துறைகளை வேகமாகக் கடந்துவிடுவோம். பேச்சுப் பயிற்சி மருத்துவம் மொழியியலுக்குப் பக்கத்து வீடு என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இல்லாமல் அந்தத் தொழில் செய்ய முடியாது. அதற்குத் தனிப் பட்டம் வேண்டும். தடயவியலில் குரல் ஒப்பீட்டுக்குப் பெரும்பாலும் இயற்பியல், மின்னணுவியல் படித்தவர்களைத்தான் கேட்கிறார்கள். ஒலியனியல் தெரிந்தவரை வாசலில் நிறுத்திவிட்டுக் கருவி இயக்கத் தெரிந்தவரை உள்ளே அழைப்பது வேடிக்கைதான். வெளிநாட்டவருக்குத் தமிழ் கற்பிப்பது சிறிய தொழில், ஆனால் மரியாதையான தொழில். புதுச்சேரியில் அதற்கென்றே மொழி, பண்பாட்டு நிறுவனம் உண்டு, மதுரையில் அமெரிக்கர்களுக்கான தமிழ் வகுப்புகள் உண்டு. உலக அளவில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே மொழியியலாளரை அதிகம் வேலைக்கு வைத்தவர்களில் முக்கியமானவர்கள் வேதாகம மொழிபெயர்ப்பு அமைப்புகள்; அவற்றின் நோக்கத்தில் உடன்பாடு உள்ளவர்களுக்கு அது ஒரு வழி. விளம்பர நிறுவனங்களுக்கும் படங்களுக்கு வசன எழுத்து போடும் நிறுவனங்களுக்கும் பட்டம் பொருட்டல்ல, கை ஓட்டம்தான் பொருட்டு.

சட்டத்தின் பக்கம் வந்தால் ஏரிக்கரையில் மீண்டும் நிற்க வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்க யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானிக்கிறார்கள். உரிமை உள்ள ஊர்களும் தலைக்கட்டுகளும் அவர்களுக்குத் தெரியும். உரிமை இல்லாதவர்களுக்கு அந்த முறையின் மேல் வருத்தமும் உண்டு. கையால் தடவி இறால் பிடிக்கும் பழங்குடியினர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். விதிகளில் பெரும்பகுதி வாய்மொழி. இப்படி வாய்மொழியாக வாழும் சட்டத்தை எழுத்துக்குக் கொண்டுவரும்போது, ‘உரிமை’, ‘பங்கு’, ‘முறை’ போன்ற சொற்களை அவர்கள் எந்தப் பொருளில் புழங்குகிறார்களோ அதே பொருளில் பதிவது தேர்ந்த வேலை. வக்கீல் வார்த்தைகளில் மாற்றி எழுதிவிட்டால் விதியே மாறிவிடும்.

வரைபடமும் இதே கதைதான். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019 அறிவிக்கையின்படித் தயாரான தமிழ்நாட்டு வரைபடங்களில் மீனவக் குடியிருப்புகளும் பொது இடங்களும் விடுபட்டிருப்பதாக 2023-இல் கடலோர மாவட்டங்களில் எதிர்ப்பு எழுந்தது. வலை காயவைக்கும் இடத்துக்கும் படகு ஒதுக்கும் இடத்துக்கும் ஊரில் பெயர் உண்டு. வரைபடத்தில் பெயர் இல்லாத நிலம் அதிகாரியின் கண்ணுக்கு வெற்று நிலம். இடப்பெயர் ஆய்வு என்று நாம் ஆய்வேடுகளில் புதைத்துவைத்திருக்கும் பயிற்சிக்கு இங்கே நேரடியான பயன் இருக்கிறது. புவித்தகவல் மென்பொருளும் கொஞ்சம் தெரிந்தால் சம்பளமும் இருக்கிறது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006 அறிவிக்கை இன்னும் ஒரு படி போகிறது. திட்டத்தின் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை மாநில மொழியில் தர வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மக்கள் பேசியதையெல்லாம் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி பதிவு செய்து, கூட்டம் முடிவதற்குள் அவர்கள் மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். அதை ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து. முழு அறிக்கை ஆங்கிலத்தில், பல நூறு பக்கங்களுக்கு ஓடும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியில் அறிவித்த கூட்டம் எதிர்ப்புக்கிடையே தள்ளிப்போனது; 2023 செப்டம்பரிலும் தள்ளிப்போனது. முகத்துவாரம் தூர்ந்துபோகுமா, கரை அரிக்குமா, ஏரியின் உப்பு மாறுமா என்பவை மீனவர்களின் கேள்விகள். அறிக்கையில் இவற்றுக்கு வேறு பெயர்கள். அந்த அனுமதி விதிமுறையையே மாற்றி எழுத 2020-இல் ஒன்றிய அரசு வரைவு வெளியிட்டபோது, அதை அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. மொழிபெயர்ப்பு ஒரு நிர்வாகச் செலவா, குடிமக்களின் உரிமையா என்பதுதான் அங்கே நடந்த வழக்கு.

இந்தக் கூட்டங்களில் பேச்சைப் பதிவு செய்வதும் சுருக்குவதும் விளக்குவதும் தேர்ந்த மொழிப் பணி. ஒரு பெண் எழுந்து ஆத்திரத்தில் கேள்வி வடிவத்தில் ஒன்றைச் சொல்கிறார்: ‘துறைமுகம் வந்தா நாங்க எங்க போயி வலை போடுறது?’ பதிவேட்டில் அது ‘மாற்று மீன்பிடி இடம் கோரினார்’ என்று ஏறினால், அவர் எதிர்த்தது ஆதரவாகிவிடும். கேள்வி வடிவத்தில் மறுப்பு சொல்வது தமிழில் அன்றாடம். சூழல்பொருளியல் வகுப்பில் முதல் மாதத்திலேயே இதை நடத்திவிடுகிறோம். பதிவேட்டை எழுதுபவருக்கு அந்த வகுப்பு கிடைத்திருக்காது. வாரியம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பயிற்சி பெற்ற மொழிப் பதிவாளர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். கூட்டம் நடக்கும் மாவட்டங்களில் எல்லாம் வேலை உண்டாகும். அதுவரை மீனவர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் தங்கள் பக்கத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம்; சில இடங்களில் இளம் வழக்கறிஞர்கள் அந்தப் பாத்திரத்தை ஏற்கெனவே வகிக்கிறார்கள்.

இத்தனையையும் பார்த்த பிறகு மாணவர்களுக்கு நான் சொல்வது, மொழியியலோடு இன்னொரு தொழிலின் அரிச்சுவடியையும் படிக்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். சட்டம், வானிலை, நிரலாக்கம், வரைபடம், எதுவானாலும் சரி. ஒலியன் பட்டியல் போடத் தெரியும் என்று சொன்னால் மீன்வளத் துறை உங்களைக் கூப்பிடாது. எச்சரிக்கை வாக்கியத்தை எத்தனை பேர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அளந்து, மேசையில் ஒரு பக்க அறிக்கை வைத்தால் குறைந்தபட்சம் உட்காரச் சொல்வார்கள். துறைத் தலைவர்களுக்கும் ஒன்று உண்டு: ஆய்வேட்டுக்குப் பதிலாக, ஒரு பருவம் முழுக்க மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ வானொலி நிலையத்திலோ மாணவரை உட்கார வைக்கலாம். பாடத்திட்டக் குழுவில் இதற்கு எழும் முதல் ஆட்சேபம், ‘மதிப்பெண் எப்படிப் போடுவது?’ வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு நாலு வரி எச்சரிக்கை எழுதி, சோதித்து, திருத்திக் கொடுத்தால் நூற்றுக்கு எத்தனை என்று அந்தக் குழுவே தீர்மானிக்கட்டும்.